மணி இல்லாத சைக்கிள்

போன வாரம் நம்ம சைக்கிளிங் கிளப் வாட்ஸ்அப் குரூப்பில் வந்த போஸ்டரைப் பார்த்திருப்பீங்க. டெக் ஃபெஸ்ட்டை ஒட்டி, மார்ச் இரண்டாவது வாரம், ஜவ்வாது மலையில் 'டைம்டு டவுன்ஹில்'. 2.6 கிலோமீட்டர் காட்டுப்பாதை, 230 மீட்டர் இறக்கம், யார் சீக்கிரம் இறங்குகிறார்களோ அவர்களுக்கு முதல் பரிசு. ஒரு மணி நேரத்துக்குள் 34 பேர் பேர் கொடுத்துட்டாங்க. நெருப்பு எமோஜியை எண்ணவே முடியலை.

அந்தப் போட்டி நடக்கக் கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

"யார்டா இந்தப் பெருசு" என்று ஜூனியர்ஸ் கேட்பதற்குள் சொல்லிடறேன். அந்த 2.6 கிலோமீட்டரை ஸ்ட்ராவாவில் செக்மென்ட்டாகப் போட்டதே நான்தான். 7 நிமிடம் 10 வினாடி என்று லீடர்போர்டின் உச்சியில் இருந்ததும் என் பேர்தான். 'இந்த டைமை உடைக்க முடியுமா?' என்று போஸ்டரில் கேட்டிருக்கிறார்களே, அது என் டைம். (பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியம். ஒற்றுப்பிழை எல்லாம் எடிட்டர் பார்த்துக்குவார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.)

மலை சைக்கிள் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு ரெண்டு பத்தி. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம், ஆனா போக மாட்டீங்க.

தார் ரோட்டில் சைக்கிள் ஓட்டும்போது ரோடு உங்களுக்காகப் போட்டது. காட்டில் ஒற்றையடிப் பாதை உங்களுக்காகப் போட்டதில்லை. மரத்தோட வேர் குறுக்கே ஓடும், தலைப் பூசணி சைஸில் கல் கிடக்கும், போன மழை அரித்த வாய்க்கால் நடுவில் போகும். ரோட்டில் 50 பி.எஸ்.ஐ. வைக்கும் டயரில் இங்கே 28 வைப்போம். காற்று குறைந்தால் டயர் கல்லைக் கவ்விக்கொண்டு போகும். ரொம்பக் குறைத்தால் ரிம் கல்லில் அடித்து டியூப்பில் பாம்பு கடித்த மாதிரி பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு ஓட்டை விழும். அந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் எடைக்கு என்று ஒரு நம்பர் இருக்கும். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு செமஸ்டர் ஆச்சு.

இறக்கத்தில் சீட்டில் உட்காரக் கூடாது. பெடல் இரண்டும் சம உயரத்தில், முழங்கை மடங்கி, இடுப்பு பின்னால். கண் முன் சக்கரத்தைப் பார்க்காது, நாலு மீட்டர் தள்ளிப் பார்க்கும். எங்கே பார்க்கிறீர்களோ அங்கேதான் சைக்கிள் போகும், அதனால் கல்லைப் பார்த்தால் கல்லில்தான் போய் நிற்பீர்கள். முன் பிரேக்கை ஒரு விரலால் தொட்டுத் தொட்டு விட வேண்டும். இதெல்லாம் ஒரு நாள் யோசிக்காமல் நடக்க ஆரம்பிக்கும். அந்த நாளுக்கு அப்புறம் கிரிக்கெட், பப்ஜி எதுவும் பிடிக்காது. நான் மிகைப்படுத்தலை.

போன டிசம்பர், செமஸ்டர் எக்ஸாம் முடிந்ததும் நாங்கள் நாலு பேர் ஒரு டாடா ஏஸில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு ஜவ்வாது மலைக்குப் போனோம். சாட்டிலைட் மேப்பில் தேடிப் பார்த்து எடுத்த பாதை. எங்கே என்று சொல்லப் போவதில்லை. மேலே இருந்து பார்த்தால் மரங்களுக்கு நடுவில் மெல்லிய பழுப்புக் கோடு. 'ரிமோட் ஃபாரஸ்ட் டிரெயில்' என்று குரூப்பில் பேர் வைத்தோம். போன் சிக்னல் கிடையாது, கடை கிடையாது, மனுஷ வாடையே கிடையாது என்று நினைத்தோம்.

காலையில் ரெண்டு தடவை இறங்கினோம். சாயங்காலம் நாலு மணிக்கு மூணாவது ரன். ஹெல்மெட்டில் கேமரா. அந்த 7:10 வந்தது காலையில். மூணாவது ரன்னில் ஏழுக்குள் வரணும் என்று முடிவு பண்ணியிருந்தேன்.

பாதியில் ஒரு பாறையைச் சுற்றி இடது பக்கம் ஒரு திருப்பம். திரும்பினால் எதிரே ஒரு அம்மா, தலையில் புல்லுக்கட்டு. பின்னாடி ஸ்கூல் யூனிஃபார்மில் ஒரு பையன்.

ரெண்டு பிரேக்கையும் அழுத்தினேன். பின் சக்கரம் லாக் ஆகி இழுத்துக்கொண்டே போனது. நான் வலது பக்கம் உண்ணிச்செடிப் புதருக்குள் விழுந்தேன். சைக்கிள் என்கூட வரவில்லை. அது அவங்க பக்கம் போனது. ஹேண்டில்பார் இடித்தோ, விலகும்போது கால் மடங்கியோ, அந்த அம்மா கீழே உட்கார்ந்துட்டாங்க. புல்லுக்கட்டு அவிழ்ந்து பாதை முழுக்கப் புல்.

இப்ப நான் சொல்லப்போறதை நாங்க நாலு பேரும் இதுவரை வெளியே சொன்னதில்லை. இன்ஸ்டாவில் வந்த ரீல் நீங்க பார்த்தது. திருப்பத்துக்கு ரெண்டு வினாடி முன்னாடி கட் பண்ணி, மியூசிக் போட்டு விட்டோம். பதினோராயிரம் வியூஸ். அதைப் பார்த்துதான் இந்தப் போட்டி ஐடியாவே வந்தது என்று கிளப்பில் சொன்னாங்க.

அந்தப் பையன் முதலில் என் கிட்டேதான் ஓடி வந்தான். "அண்ணா, அடிபட்டுச்சா?" எனக்கு ஒண்ணும் ஆகலை. ஹெல்மெட், முழங்கால் பேட், முழங்கை பேட், கிளவுஸ். அவனுடைய அம்மா காலில் ரப்பர் செருப்பு. அதில் ஒண்ணு பாதைக்குக் கீழே சரிவில் கிடந்தது.

கணுக்கால் கண் முன்னாடியே வீங்கியது. நான் "ஸாரிக்கா, ஸாரிக்கா" என்பதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. அவங்க கொஞ்ச நேரம் காலைப் பிடிச்சிட்டே உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் திட்டினாங்க. சத்தமா இல்லை.

"ஏன் தம்பி, இது ஊருக்குப் போற வழி. நாங்க தினம் ரெண்டு தடவை நடக்கிற வழி. வர்றவன் ஒரு மணியாவது அடிச்சிட்டு வரக்கூடாதா?"

என் சைக்கிள் விலை 38,000. இன்டர்ன்ஷிப் ஸ்டைபண்டும் அம்மாவோட சீட்டுப் பணமும் சேர்த்து வாங்கினது. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், முன்னாடி ஏர் சஸ்பென்ஷன். வாங்கும்போது டப்பாவில் மணி ஒண்ணும் வந்தது. மாட்டினால் சின்னப் பசங்க சைக்கிள் மாதிரி இருக்கும் என்று ஹாஸ்டல் டேபிள் டிராயரில் போட்டு வைத்திருந்தேன்.

முதலுதவி டப்பாவில் இருந்த கிரேப் பேண்டேஜைச் சுற்றினோம். ரெண்டு பேர் தோள் கொடுத்து, ஒருத்தன் புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு (தலையில் வைக்கத் தெரியலை, வயிற்றோடு கட்டிப்பிடிச்சுத்தான் வந்தான்), ஒன்றரை கிலோமீட்டர் நடந்து வீட்டில் விட்டோம். ஐந்நூறு ரூபாய் கொடுத்தோம். சினிமாவில் வர்ற மாதிரி "வேணாம் தம்பி" என்றெல்லாம் சொல்லலை. வாங்கிக்கிட்டாங்க. "ரெண்டு மூணு நாள் கூலி போச்சு" என்று சொல்லிட்டு உள்ளே போயிட்டாங்க.

ஹாஸ்டலுக்குத் திரும்பி ரெண்டு நாள் கழித்து ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். நாலு வருஷம் படிச்சதுக்கு இதுக்காவது உதவட்டுமே. கேமரா ஃபுட்டேஜில் பாறையின் அகலத்தை அளவுகோலாக வைத்துப் பார்த்தால், அந்தத் திருப்பத்தில் முன்னால் தெரியும் தூரம் 9 மீட்டர். என் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 8.3 மீட்டர். காய்ந்த சரளைக்கு உராய்வுக் கெழு 0.4 என்று வைத்துக்கொண்டேன். சரிவு கிட்டத்தட்ட 9 சதவீதம், அது என்னைக் கீழே இழுக்கும். பிரேக் பிடித்த பிறகு நிற்க 11 மீட்டருக்கு மேல் வேணும். பார்த்து, மூளை புரிந்துகொண்டு, விரல் அழுத்த ஒரு வினாடி. அதில் ஒரு 8 மீட்டர். மொத்தம் 20 மீட்டர்.

தெரிவது 9. தேவை 20. மீதி 11 மீட்டரில் யார் நின்றாலும் இடித்திருப்பேன். நான் நல்லா ஓட்டுவேனா, சுமாரா ஓட்டுவேனா என்பதெல்லாம் இந்தக் கணக்குக்குள்ளேயே வரலை.

சிவில் நண்பன் ஒருத்தனிடம் காட்டினேன். அவன் சிரித்தான். "ஒரு வினாடியா? ஹைவே டிசைனில் ஐ.ஆர்.சி. ரெண்டரை வினாடி எடுக்கச் சொல்லுதுடா." ரெண்டரை போட்டுப் பார்த்தால், 9 மீட்டருக்குள் நிற்க மணிக்கு சுமார் 10 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மெதுவாக ஓடுகிற ஆளோட வேகம். அந்த வேகத்தில் யாரும் டைம்டு டவுன்ஹில் நடத்த மாட்டாங்க.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. இந்த விளையாட்டு பிறந்ததே ஸ்டாப்வாட்சோடதான். கலிஃபோர்னியாவில் மரின் கவுன்ட்டி என்று ஒரு இடம், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே. 1976 அக்டோபரில் அங்கே ஃபேர்ஃபாக்ஸ் ஊர்ப் பக்கத்தில் ஒரு மண்பாதையில் சில பேர் பழைய கனமான சைக்கிள்களில் ஒவ்வொருத்தராக இறங்கி டைம் எடுத்தார்கள். சுமார் 3 கிலோமீட்டரில் 400 மீட்டர் இறக்கம். அந்தக் கால சைக்கிளில் பெடலைப் பின்னால் மிதித்தால் பின் ஹப்புக்குள் பிரேக் பிடிக்கும். இறங்கி முடிப்பதற்குள் ஹப்பில் இருக்கும் கிரீஸ் எரிந்து புகையாகப் போய்விடும், மறுபடி ரீபேக் பண்ண வேண்டும். அதனால் அந்தப் போட்டிக்குப் பேரே 'ரீபேக்'. கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி எல்லாம் அங்கே இறங்கியவர்கள்தான். இன்னைக்கு நாம ஓட்டுற சைக்கிளோட தாத்தாவை உண்டாக்கினவங்க.

அதே மரினில் அப்புறம் என்ன ஆச்சு? நடப்பவர்கள், குதிரையில் போகிறவர்கள், சைக்கிள்காரர்கள் மூணு பேருக்கும் வருஷக்கணக்கில் சண்டை. குறுகலான ஒற்றையடிப் பாதைகள் நிறைய சைக்கிளுக்கு மூடப்பட்டன. அகலமான மண்பாதைகளில் வேக வரம்பு மணிக்கு 15 மைல். ஆளைக் கடக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத திருப்பத்திலும் 5 மைல். ரேஞ்சர்கள் ராடார் கன் வைத்து டிக்கெட் கொடுத்தார்கள். 5 மைல் என்றால் 8 கிலோமீட்டர். என் பேப்பரில் வந்தது 10. அவங்க சண்டை போட்டுக் கண்டுபிடிச்ச நம்பருக்கு நான் ஒரு அம்மாவைக் கீழே தள்ளி வந்து சேர்ந்திருக்கேன்.

இந்தப் போட்டியை நடத்துறவங்க என் நண்பர்கள். அவங்க கெட்டவங்க இல்லை. இதை நேரில் சொன்னபோது அவங்க கேட்டதையும் சொல்லணும்.

முதல் கேள்வி: "சைக்கிள் பாதையைக் கெடுக்குதுன்னு சொல்றியா? 1994-ல் அமெரிக்காவில் மொன்டானாவில் பண்ண ஸ்டடியில், குதிரைக் குளம்பும் மனுஷன் காலும் பெயர்க்கும் மண் சக்கரத்தை விட அதிகம்னு வந்திருக்கே." உண்மைதான், நானும் படிச்சேன். உருளும் சக்கரத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஆனா லாக் ஆன சக்கரம் உருளாது, உழும். ஜனவரியில் திரும்பப் போனபோது நான் சறுக்கின இடத்தில் மூணு மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு இருந்தது. நடுவில் ஒரு மழை பெய்திருக்கணும். தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடிச்சிட்டு இறங்கி, கீழே பாதை ஓரத்தைக் கொஞ்சம் அரிச்சிருந்தது. 34 பேர் இறங்கினால் எத்தனை கோடு என்று நீங்களே போட்டுக்கோங்க. ஆனாலும் என் முக்கியமான பிரச்சினை மண் இல்லை.

ரெண்டாவது: "எல்லாத் திருப்பத்திலும் வாலன்டியர் நிறுத்தி விசில் ஊதுவோம். ஆள் வந்தா ரைடரை நிறுத்திடுவோம்." சரி. ஆள் வராத வரைக்கும் பாதை நம்மது, வந்தால் அவங்களை "கொஞ்சம் நில்லுங்கம்மா" என்போம். 34 பேர், ஆளுக்கு ரெண்டு நிமிஷ இடைவெளி என்றால் 68 நிமிஷம். போஸ்டரில் ரெண்டு ரவுண்ட் போட்டிருக்கு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல். தலையில் கட்டு வைத்துக்கொண்டு நிற்கிறவங்களுக்கு அது எவ்வளவு நேரம் என்று தெரியணும்னா, லேப் ரெக்கார்டு எல்லாத்தையும் தலையில் வைத்துக்கொண்டு கேன்டீன் க்யூவில் நின்னு பாருங்க. நம்ம ஹாஸ்டல் கேட்டை வெளியூர்ப் பசங்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மூடி ரேஸ் விட்டால் நாம சும்மா இருப்போமா?

மூணாவது கேள்விதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. "அனுமதி வாங்கிட்டா?" அந்தப் பாதையில் ஒரு பகுதி காப்புக்காட்டுக்குள் போகிறது. டிசம்பரில் எங்களுக்கு அது தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் போயிருப்போம் என்றுதான் நினைக்கிறேன், பொய் சொல்ல மனசில்லை. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். 2018 மார்ச் 11-ல் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் சிக்கிக்கொண்டார்கள். 23 உயிர் போனது. அதற்குப் பிறகு அதே வருஷம் மலையேற்றத்துக்கு அரசு தனியாக விதிகள் கொண்டுவந்தது. நம்ம போஸ்டரில் இருக்கும் தேதியைப் பாருங்க, அதுவும் மார்ச் இரண்டாவது வாரம்தான். மலையில் புல் முழுக்கக் காய்ந்திருக்கும் மாதம்.

2024-ல் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. முன்பதிவு, கட்டணம், கூடவே அந்த மலை ஆட்களே வழிகாட்டி. அது நடக்கிறவங்களுக்கு. சைக்கிளுக்கும் அந்த மாதிரி நாலைந்து பாதை கேட்கலாமே என்றுதான் என் ஆசை. ஸ்காட்லாந்தில் 2003-லேயே சட்டம் போட்டு நடப்பவர், சைக்கிள், குதிரை எல்லோருக்கும் மலையிலும் காட்டிலும் போகும் உரிமை கொடுத்திருக்காங்க, பொறுப்பாக நடந்துகொண்டால் மட்டும் என்ற நிபந்தனையோடு. நாமும் மனு எழுதலாம். நானே டிராஃப்ட் பண்றேன். ஆனா ரீலில் 7:10 ஓட்டிக் காட்டிட்டு, கையில் மனுவோடு போனால் எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? நான் அந்த நாற்காலியில் இருந்தால் போட மாட்டேன்.

ரேஸே வேண்டாம் என்று சொல்லலை. வேகம் எனக்கும் பிடிக்கும். நம்ம கேம்பஸுக்குப் பின்னாடி காம்பவுண்டுக்குள்ளேயே எத்தனை ஏக்கர் சீமைக்கருவேலங்காடு சும்மா கிடக்கு? ஆடு மேய்ப்பவர்கூட வருவதில்லை. மண்மேடு இருக்கு, பழைய குவாரிக் குழி இருக்கு. என்.எஸ்.எஸ். பசங்களோடு சேர்ந்து மூணு சனிக்கிழமை வேலை செய்தால் ஒன்றரை கிலோமீட்டர் லூப் வெட்டலாம். அங்கே டைம் போடுங்க, கத்துங்க, விழுங்க. யாரும் எதிரே வர மாட்டாங்க. முள் குத்தும், அது உண்மை. எல்லாரும் டியூப்லெஸ்ஸுக்கு மாறிக்கோங்க, இல்லைன்னா பஞ்சர் கிட் நாலு எடுத்துட்டு வாங்க.

மலைக்கும் போகலாம், போகணும். வழிவிட்டுப் போகணும், அவ்வளவுதான். ஒருத்தர் எதிரே வந்தால் நாம இறங்கி, சைக்கிளைச் சரிவுப் பக்கம் பிடிச்சுக்கணும். அவங்களைச் சரிவுப் பக்கம் தள்ளக் கூடாது. மெதுவாகப் போனால் போர் அடிக்கும் என்று நினைக்கிறவங்க ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாருங்க. 30-ல் போகும்போது கல்லெல்லாம் சக்கரத்துக்குக் கீழே ஒரே அதிர்வாகப் போயிடும், சஸ்பென்ஷன் பார்த்துக்கும். 8-ல் போகும்போது ஒவ்வொரு வேரையும் நீங்கதான் பார்த்துக்கணும். கால் தரையில் ஊன்றாமல் அந்த 2.6 கிலோமீட்டரை முடிக்க ஜனவரியில் எனக்கு 31 நிமிஷம் ஆச்சு, அதிலும் ஏழு தடவை ஊன்றிட்டேன். டிசம்பரில் ஒரு தடவைகூட ஊன்றலை.

ஜனவரியில் நாலு பேரில் மூணு பேர்தான் போனோம், அன்னைக்கு உள்ளூர் ஆள் ஒருத்தர் கூடவே நடந்து வந்தார். காப்புக்காட்டு எல்லைக்கு அனுமதி வாங்கின பிறகுதான் போனோம். அதுக்கு அலைஞ்ச கதை தனிக் கட்டுரை. அந்த அம்மா வீட்டில் இல்லை. "கால் சரியாப்போச்சு, வேலைக்குப் போயிருக்கு" என்றான் பையன். கணுக்கால் வலி குளிருக்கு இன்னும் வருதாம். நான் வாங்கிப் போயிருந்த செருப்பைக் கொடுத்தேன். சைஸ் தெரியாமல் குத்துமதிப்பாக வாங்கினது. "பெருசா இருக்கும்ணா" என்றான்.

அப்புறம் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தான். ஓட்டறியா என்றேன். சீட்டை முழுக்க இறக்கியும் கால் எட்டலை. நான் சீட்டைப் பிடிச்சிட்டே கூட ஓட, அந்தத் திருப்பம் வரைக்கும் ஓட்டினான். பாறை வருவதற்கு முன்னாடியே, யாரும் சொல்லாமல், மணியை அடிச்சுக்கிட்டே போனான்.

செக்மென்ட்டை ஸ்ட்ராவாவில் 'ஹஸார்டஸ்' என்று ஃபிளாக் பண்ணிட்டேன். இப்போ அதில் லீடர்போர்டு காட்டாது. ரீலையும் எடுத்தாச்சு. வரும் புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, மெக்கானிக்கல் பிளாக் பின்னாடி சைக்கிள் ஸ்டாண்டில் கிளப் மீட்டிங். போட்டியைக் கருவேலங்காட்டுக்கு மாற்றணும் என்று நான் கேட்கப் போகிறேன். பேர் கொடுத்த 34 பேரும் வாங்க, வந்து என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. டிராயரில் போட்டு வெச்சிருக்கிற மணியையும் எடுத்துட்டு வாங்க. ஆலன் கீ என் கிட்ட இருக்கு.